காரில் பாட்டு மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

காரில் பாட்டு நின்றதுமே "செட் போச்சு" என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். செட் அவ்வளவு லேசில் போகாது. பெரும்பாலும் போயிருப்பது ஒரு ஃபியூஸ், கதவு மடிப்பில் அறுந்த ஒயர், துருப்பிடித்த எர்த் (காரின் உலோகப் பாடியில் கட்டும் ஒயர்), இல்லையென்றால் போனுக்குள் யாரோ மாற்றிவைத்த ஒரு செட்டிங். அதனால் டேஷ்போர்டைப் பிரிப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை காது கொடுத்துக் கேட்பது.

பாட்டு காதுக்கு வரும் பாதை எளிமையானது. போன், பென்டிரைவ், ரேடியோ என்று ஏதோ ஒன்று பாட்டைத் தருகிறது. செட் அதை வாங்கிப் பெருக்குகிறது. தனி ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) இருந்தால் அது இன்னும் பெருக்குகிறது. ஸ்பீக்கர் ஒலியாக்குகிறது. இதில் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு விஷயம் போதும். ப்ளூடூத்தில் தகராறு என்றால் ரேடியோவுக்கு மாற்றிப் பாருங்கள். ரேடியோ நன்றாகப் பாடினால் செட்டும் ஸ்பீக்கரும் குற்றவாளிகள் அல்ல. அப்புறம் பேலன்ஸையும் (இடம்-வலம்) ஃபேடரையும் (முன்-பின்) நான்கு மூலைக்கும் நகர்த்திப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் ஊமையாக இருந்தால் தேட வேண்டிய இடம் அங்கேதான். கூடவே கோளாறு எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள். இன்ஜின் ஓடும்போதா, மேடு பள்ளத்தில் குலுங்கும்போதா, வெயிலில் நின்ற பிறகா, கதவைச் சாத்தும்போதா? இந்த ஒரு கேள்விக்கே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

ஒயரில் கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆனால் சில செட்கள் மின்சாரம் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். அந்த எண் காரோடு வந்த கையேட்டிலோ அட்டையிலோ இருக்கும். அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். ஏர்பேக் ஒயர்களின் கனெக்டர்கள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஸ்டீயரிங் பக்கத்திலோ கண்ணாடித் தூண் பக்கத்திலோ அப்படி ஒன்றைப் பார்த்தால் தொடவே வேண்டாம்.

செட்டில் உயிரே இல்லை

சாவி போட்டும் விளக்குகூட எரியவில்லையா? சார்ஜர் சாக்கெட் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் காரின் ஃபியூஸ் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். செட் மட்டும் என்றால் அதன் முதுகிலேயே இன்னொரு ஃபியூஸ் செருகியிருக்கும். பலரும் அதைப் பார்க்க மறந்துவிடுவார்கள். ஃபியூஸின் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எரிந்ததை அதே அளவுள்ளதால் மட்டுமே மாற்றுங்கள். 10 எரிகிறது என்று 20 போடுவதும், அலுமினியத் தாளைச் சுற்றிச் செருகுவதும் தீயை வரவழைக்கும் வேலை. புது ஃபியூஸும் உடனே எரிந்தால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்திய செட்களில் பொதுவாக மஞ்சள் ஒயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், சிவப்பில் சாவி போட்டால் மட்டும் வரும், கறுப்பு எர்த். காரோடு வந்த ஒயர்களுக்கு இந்த நிற வழக்கம் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றும் சரியாக வந்தும் செட் எழவில்லை என்றால், முகப்பில் குண்டூசி நுழையும் அளவில் ரீசெட் துளை இருக்கிறதா என்று தேடி அழுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் செட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது

நேரம், ஸ்டேஷன், ஜோடி சேர்த்த போன் எல்லாம் சாவியை எடுத்ததும் அழிந்துபோகிறது. புதுச் செட் மாட்டிய பிறகு இது தொடங்கியிருந்தால் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். நினைவைக் காக்க வேண்டிய ஒயருக்குச் சாவியோடு மின்சாரம் போய்விடுகிறது. இரண்டையும் மாற்றிச் செருகினால் தீர்ந்தது. பழைய செட்டில் திடீரென்று வந்தால் மஞ்சள் ஒயருக்கான ஃபியூஸையோ பேட்டரி முனை தளர்ந்திருப்பதையோ பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் செட் அணைந்து எழுந்தால் அது செட்டின் தவறே இல்லை, பேட்டரி தளர்ந்துவருகிறது. முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும்.

விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

மியூட், ஃபேடர், போனுக்குப் பதில் ரேடியோ என்று தவறாகத் தேர்ந்த பாட்டு மூலம் என்று எளிதானவற்றை முதலில் கழித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் எல்லா ஸ்பீக்கரும் ஊமை என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

தனி ஆம்ப் உள்ள காரில், செட்டிலிருந்து ஆம்புக்கு ஒரு மெல்லிய நீல-வெள்ளை ஒயர் போகும். "எழுந்திரு" என்று ஆம்புக்குச் சொல்வது அதுதான். அதில் 12 வோல்ட் வரவில்லை என்றால் ஆம்ப் தூங்கிக்கொண்டே இருக்கும். ஆம்பில் சிவப்புப் பாதுகாப்பு விளக்கு எரிந்தால் அது எதற்கோ பயந்து தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது: சூடு, ஷார்ட், அல்லது குறைந்த வோல்ட்டேஜ்.

ஆம்ப் இல்லாத காரில் ஸ்பீக்கர் ஒயர் ஒன்று பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலுமே மின்சாரம் ஓடுகிறது. நெகட்டிவ் என்று எழுதியிருப்பது எர்த் அல்ல. ஸ்பீக்கரின் நெகட்டிவை பாடியில் கட்டுவது பழைய காலத்துச் செட்டுக்குச் சரியாக இருந்த பழக்கம், இப்போது அப்படிச் செய்தால் செட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் அல்லது உள்ளிருக்கும் சிப் எரியும். ஸ்பீக்கர் ஒயர்களை ஒவ்வொரு ஜோடியாகக் கழற்றிப் பாருங்கள். எந்த ஜோடியைக் கழற்றியதும் மற்றவை பாடத் தொடங்குகின்றனவோ, கோளாறு அதில்தான்.

ஒரு கதவில் மட்டும் பாட்டு வரவில்லை

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வீணாக ஸ்பீக்கர் மாற்றப்படுவது இங்கேதான் அதிகம்.

காரை நிறுத்தி, பாட்டை ஓடவிட்டு, பேலன்ஸை அந்தக் கதவுக்கே முழுதாகத் தள்ளுங்கள். இப்போது கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் பாட்டு வந்து போகிறதா? அப்படியானால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது, ஒயர்தான் அறுந்திருக்கிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே சுருக்கம் சுருக்கமாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதன் ஒரு முனையை விரலால் நெம்பி எடுத்து உள்ளே இருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். அறுந்த ஒயரின் மேலுறை முழுதாகவே தெரியும், ஆனால் இழுத்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். உள்ளே செம்பு இல்லை. அந்த இடத்தில் புது ஒயர்த் துண்டு சேர்த்து, சால்டர் வைத்து, சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், கதவின் அசைவில் மறுபடி விட்டுப்போகும். இணைப்பு மடிப்பின் நடுவில் வராமல் ஒரு பக்கம் தள்ளி வருவது நல்லது.

கதவை அசைத்தும் உயிர் வரவில்லை என்றால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். செட்டின் பின்னால் அந்த ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரையும் செட்டிலிருந்து முழுதாகக் கழற்றி, பேட்டரியின் இரு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கதவுக்குள் "டப்" என்று கேட்டால் ஒயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, செட்டின் அந்தச் சானல் போயிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் கதவின் உட்பலகையைக் கழற்றி ஸ்பீக்கரிலேயே நேராகத் தொட்டுப் பாருங்கள். அங்கே கேட்டால் ஒயர், அங்கேயும் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கர். நடுவில் ஆம்ப் இருக்கும் காரில் செட்டின் பின்னால் இதைச் செய்யக் கூடாது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடைப்பட்ட ஒயரில்தான் செய்ய வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஓம் அளந்தும் பார்க்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 4-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும், அது கோளாறு அல்ல. எதுவுமே காட்டவில்லை என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்துவிட்டது.

எல்லா ஸ்பீக்கரும் பாடுகின்றன, ஆனால் பேஸ் செத்துக் கிடக்கிறது

புதிதாக ஸ்பீக்கர் மாட்டிய பிறகு இப்படி என்றால் ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது, தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் கூடுவது இதற்கு உறுதியான அடையாளம். அதே 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் வைத்தால் ஸ்பீக்கரின் கூம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும்.

பாட்டு கிழிகிறது, கரகரக்கிறது

எந்த அளவில் கிழிகிறது என்பதுதான் கேள்வி. வால்யூம் ஏற்றினால் மட்டும் என்றால், செட் தன் சக்திக்கு மேல் தள்ளப்படுகிறது. போனில் ஒரு ஈக்வலைசர், பாட்டுச் செயலியில் இன்னொன்று, செட்டில் பேஸ் பூஸ்ட் என்று மூன்று இடத்திலும் ஏற்றி வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம். எல்லாவற்றையும் சமநிலைக்குக் கொண்டுவந்து, செட்டில் மட்டும் வேண்டியதைக் கூட்டுங்கள். கிழிந்த ஓசையோடு தொடர்ந்து ஓட்டினால் முதலில் உயிர்விடுவது கீச்சொலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள்தான். நம் காதும் அதே வரிசையில் நிற்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதை உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பின் எல்லையாகச் சொல்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடும்போது காற்றின் இரைச்சலை மிஞ்சப் பாட்டை ஏற்றுகிறோம், ஏற்றியதை அப்புறம் இறக்குவதில்லை.

குறைந்த சத்தத்திலேயே கரகரத்தால் ஸ்பீக்கரைப் பாருங்கள். கூம்பின் ஓரம் கிழிந்திருக்கலாம், வெயிலில் ஃபோம் பொடியாக உதிர்ந்திருக்கலாம். விரல்களைச் சுற்றிலும் பரப்பி வைத்துக் கூம்பை மிக மென்மையாக உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் உள்ளே கம்பிச்சுருள் தேய்கிறது, மாற்றத்தான் வேண்டும். கூம்பு சுத்தமாக நகர்ந்தால் அதிர்வது கதவுப் பலகையோ கதவுப் பையில் கிடக்கும் சில்லறையோதான். பாட்டு ஓடும்போது பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், சத்தம் நின்றால் கிளிப் தளர்ந்திருக்கிறது.

ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து கத்துகிறது

மிதித்தால் "ஙொய்ய்" என்று ஏறி, விட்டால் இறங்கும் இந்த ஓசை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. கார் ஆடியோவில் ஆளை அலையவிடும் கோளாறு இதுதான். ஆனால் வரிசையாகப் பார்த்தால் பிடிபடும். இன்ஜினை ஓடவிட்டுத்தான் சோதிக்க முடியும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் புகை உயிருக்கே ஆபத்து.

முதலில், போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்குங்கள். ஆக்ஸ் ஒயரில் (போனைச் செட்டோடு இணைக்கும் ஒலி ஒயர்) பாட்டு, கூடவே கார் சார்ஜர் என்றால் போனுக்கு இரண்டு எர்த் வழி கிடைத்துவிடுகிறது, அந்த வளையத்தில் இரைச்சல் ஏறிக்கொள்கிறது. பிடுங்கியதும் சத்தம் நின்றால் ஆக்ஸ் ஒயரில், அந்த வளையத்தை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்று போடுங்கள், அல்லது ப்ளூடூத்துக்கு மாறுங்கள்.

நிற்கவில்லையா? வால்யூமைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். கத்தலும் சேர்ந்து இறங்கினால் இரைச்சல் செட்டுக்கு முன்பாகவே, பாட்டைத் தரும் பக்கத்தில் நுழைகிறது. பூஜ்ஜியத்திலும் அதே சத்தம் என்றால் செட்டுக்குப் பின்னால், அதாவது ஆம்ப் பக்கம். ஆம்பில், செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரைக் கழற்றுங்கள் (கழற்றும்போது ஆம்ப் அணைந்திருக்க வேண்டும்). இப்போது அமைதி என்றால் ஆர்.சி.ஏ. ஒயர் பேட்டரி ஒயரோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். பேட்டரி ஒயரைக் காரின் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. ஒயரை மறுபக்கமும் கொண்டுபோங்கள். ஒன்றையொன்று கடக்கத்தான் வேண்டும் என்றால் செங்கோணத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

ஆர்.சி.ஏ. கழற்றியும் கத்தினால் எர்த். ஆம்பின் எர்த் ஒயர் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக, பவர் ஒயரின் அதே தடிமனில் இருக்க வேண்டும். அது பிடிக்கும் இடத்தில் பெயின்டை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். பெயின்டின் மேல் நட்டு இறுக்கியதெல்லாம் எர்த் ஆகாது, சீட் பெல்ட் போல்ட்டையும் தொடக் கூடாது. பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட்டேஜ் அளந்தால் அது கிட்டத்தட்டப் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். 0.2-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை.

இன்ஜின் ஓடாமலேயே "உஸ்ஸ்" என்று ஒரே சீராகக் கேட்டால் அது வேறு. ஆம்பின் கெயின் அதிகம். கெயின் என்பது வால்யூம் அல்ல, செட்டிலிருந்து வரும் ஒலிக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. செட்டை முக்கால் வால்யூமில் வைத்து, பாட்டு கிழியத் தொடங்கும்வரை கெயினை ஏற்றி, சற்றுக் கீழே இறக்கி விட்டுவிடுங்கள்.

எஃப்.எம். இரைகிறது, ஸ்டேஷன் பிடிக்கவில்லை

சார்ஜர், டேஷ்கேம், எல்.இ.டி. விளக்கு என்று பிறகு மாட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். மட்டமான சார்ஜர் ஒன்று போதும், 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை முழுப் பட்டையையும் கெடுக்க. அவை காரணம் இல்லை என்றால் ஆன்டெனா கம்பியின் அடி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். புதுச் செட் மாட்டிய பிறகு ரேடியோ மங்கினால், கண்ணாடியிலோ கூரையிலோ இருக்கும் ஆன்டெனாவின் சின்னப் பெருக்கிக்கு மின்சாரம் தரும் நீல ஒயரைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். உலோகம் கலந்த வெயில் ஃபிலிம் ஒட்டினாலும் கண்ணாடி ஆன்டெனா திணறும்.

இன்னொன்று, தேடும்போது 98.1, 98.3, 98.5 என்று புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்களில் மட்டும் தாவுகிறதா? செட் அமெரிக்க வட்டாரத்துக்கு அமைந்திருக்கிறது. மெனுவில் வட்டாரத்தை மாற்றுங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே படபடவென்று விட்டு விட்டு வருவது மட்டும் கோளாறு அல்ல. அலை சுவரில் பட்டுத் திரும்புகிறது, நாலடி நகர்ந்தால் சரியாகும்.

ப்ளூடூத் தகராறு

சேரவே மறுத்தால் போனிலும் செட்டிலும், இரண்டு பக்கமும், பழைய ஜோடியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் அழிப்பதால்தான் பலருக்கு மறுபடி மறுபடி தோற்கிறது. செட்டின் பட்டியல் நிரம்பியிருந்தாலும் புதுப் போனை ஏற்காது.

அழைப்பு வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் போனின் ப்ளூடூத் பக்கத்தில் அந்தக் காரின் பெயரைத் திறந்து "மீடியா ஆடியோ" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் குறைவு என்றால் போனின் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, கூட்டிக் குறைப்பதைச் செட்டில் செய்யுங்கள். பாட்டு அடிக்கடி விக்கினால் போனின் பேட்டரி சேமிப்பு முறையை அணையுங்கள்; பின்சீட்டில் இருக்கும் இன்னொரு போன் நடுவில் புகுந்து சேர முயல்கிறதா என்பதையும் கவனியுங்கள். எதிர்முனையில் பேசுபவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்டால் காரின் வால்யூமைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒயர் வழியாக ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ விட்டு விட்டு வந்தால் கேபிளைத்தான் முதலில் மாற்ற வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தகவல் போகாது. போனின் துளையில் சட்டைப் பை நூல் திணிந்திருந்தால் மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், ஊசி வேண்டாம்.

பென்டிரைவ்

"கோப்பு இல்லை" என்று காட்டினால், அந்தத் துளை சார்ஜுக்கு மட்டுமானதா என்று பார்த்துவிட்டு, பென்டிரைவின் ஃபார்மட்டைப் பாருங்கள். ஃபேட்32 பெரும்பாலும் எல்லாச் செட்டிலும் ஓடும், எக்ஸ்ஃபேட் புதியவற்றில் ஓடும், என்.டி.எஃப்.எஸ். பலவற்றில் ஓடாது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் பாட்டுகளை வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.3 எங்கும் பாடும், ஃபிளாக் பழைய செட்டில் பாடாது. பாட்டுச் செயலிக்குள் தரவிறக்கியதை நகலெடுத்துப் போட்டாலும் பாடாது, அது பூட்டிய கோப்பு.

வரிசை குழம்பினால் காரணம் இது: பல செட்கள் பெயர் வரிசையில் அல்ல, நகலெடுத்த வரிசையில் பாடும். 001, 002 என்று பெயருக்கு முன் எண் போட்டு, அதே வரிசையில் நகலெடுங்கள். மேக் கணினியில் நகலெடுத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியில் தொடங்கும் ஒரு நிழல் கோப்பு சேர்ந்துகொள்ளும், செட் அதையும் பாட முயன்று பிழை காட்டும், அவற்றை அழித்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. பாட்டுக்கு ஒரு கேடும் இல்லை. கோப்பின் பெயரை மாற்றியும் கட்டம் போகவில்லை என்றால் பாட்டுக்குள் பதிந்திருக்கும் குறிப்பையும் மாற்ற வேண்டும்.

சிடி தாண்டித் தாண்டிப் பாடுகிறது

மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். ஈரமான குளிர்ந்த காலையில் மட்டும் படிக்க மறுத்தால் லென்ஸில் பனி படிந்திருக்கும், சற்றுப் பொறுத்தால் சரியாகும். தாள் ஸ்டிக்கர் ஒட்டிய சிடியைச் செட்டுக்குள் விடவே வேண்டாம். சூட்டில் அது உரிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும், அப்புறம் செட்டைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

திரை

தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறொன்று என்றால் மெனுவில் தொடுதிரையைச் சீரமைக்கும் வசதி இருக்கும். நெடுநேரம் வெயிலில் நின்ற காரில் திரை மந்தமாவது இயல்பு, கண்ணாடியை இறக்கி உள்ளே குளிர்ந்த பிறகு பாருங்கள். துடைக்க, சற்றே ஈரமான மைக்ரோஃபைபர் துணி போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மேல்பூச்சைத் தின்றுவிடும்.

இரவு நின்றால் காலையில் பேட்டரி காலி

சாவியை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஆம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அது அணையவே இல்லை. இல்லையென்றால் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவே வைத்து அளக்க வேண்டும். அந்த நிலையில் சாவியைத் திருப்பாதீர்கள், கதவையும் திறக்காதீர்கள். காரின் கணினிகள் எல்லாம் தூங்க அரை மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை பொறுங்கள். அதன் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் செட்டின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். அளவு சட்டென்று விழுந்தால் திருடன் செட்தான். விழவில்லை என்றால் ஆம்பின் ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். ஆம்ப்தான் என்று தெரிந்தால், பெரும்பாலும் அதன் நீல-வெள்ளை ஒயரை யாரோ எப்போதும் மின்சாரம் இருக்கும் முனையில் கட்டியிருப்பார்கள். அதை அவிழ்த்துச் செட்டின் நீல-வெள்ளை முனையிலேயே கட்டிவிட்டு, அன்றிரவு பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிடுங்கள். பலமுறை காலியான பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும்.